இடம் மாறிய தோல்

செவிப்பறையின் நடுவில் ஒரு சொட்டு மை வைத்து நாள்தோறும் பார்த்து வந்தால் ஒரு விந்தை தெரியும். மை வைத்த இடத்திலேயே நிற்காது. மெல்ல விளிம்புக்கு வரும். அங்கிருந்து காதுக் குழாயின் சுவர் வழியாக வாசலை நோக்கி நகரத் தொடங்கும். நகர்வது மை அல்ல, அதைச் சுமக்கும் தோல். கை, கால், முதுகு என்று மற்ற இடங்களில் தோலின் மேற்படலம் செத்ததும் துணியில் உரசியோ குளிக்கும்போது தேய்த்தோ உதிர்ந்துவிடுகிறது. காதின் உட்கோடியில் உரசுவதற்கு ஒன்றும் கிடையாது. ஆகவே அங்குள்ள தோல் பக்கவாட்டில் ஊர்ந்து, செத்த செதில்களைத் தானே சுமந்து வந்து வெளியே தள்ளுகிறது. விரல் நகம் வளர்கிற வேகம்தான் ஏறத்தாழ அதன் வேகமும். யாரும் குடையாத காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது இப்படித்தான்.

இதே தோல் செவிப்பறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும், போனதை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

செவிப்பறைக்கு உள்ளே இருப்பது நடுச்செவி, காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அதன் சுவர்களில் தோல் கிடையாது. மூக்கினுள் இருப்பது போன்ற ஈரச் சவ்வுதான் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய், நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து அந்த அறைக்குக் காற்றை அனுப்புகிறது. ஓயாத சளி, அடினாய்டு வீக்கம், பிறவியிலேயே பிளந்த அண்ணம் என ஏதோ ஒரு காரணத்தால் அந்தக் குழாய் ஆண்டுக்கணக்கில் சரியாகத் திறக்காவிட்டால் உள்ளே காற்றழுத்தம் குறையும், செவிப்பறை உள்வாங்கும். செவிப்பறையின் பெரும்பகுதி விறைப்பானது. மேல் ஓரத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் தொய்வாக இருக்கும். முதலில் இழுபடுவது அதுதான். அங்கே சுருக்குப் பை போல ஒரு குழிவு உண்டாகிறது.

குழிவு ஆழமில்லாத வரை ஆபத்தில்லை. செதில்கள் வழக்கம்போல வெளியே வந்துவிடும். பை ஆழமாகி அதன் கழுத்து குறுகினால்தான் வினை. உள்ளே தோல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, வெளியேற வழியில்லை. வெங்காயத்தின் அடுக்குகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, முத்து நிறத்தில் ஒரு உருண்டை திரள்கிறது. இதைத்தான் கொலெஸ்டியடோமா என்கிறார்கள். செவிப்பறையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டை வழியாகத் தோல் உள்ளே ஏறியும் இது வரலாம். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே நடுச்செவியில் தங்கிவிட்ட தோல் செல்களிலிருந்து, முழுதாக இருக்கும் செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளை மணியாகவும் தோன்றலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1838-இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹானஸ் முல்லர் சூட்டிய பெயர் இது. கிரேக்க வேர்களைப் பிரித்தால் 'பித்தக் கொழுப்புக் கட்டி' என்று வரும். இதில் பித்தம் கிடையாது. கொழுப்புக் கட்டியும் இல்லை. புற்றுநோயும் இல்லை. உள்ளே இருப்பது நகத்திலும் முடியிலும் இருக்கிற கெரட்டின் என்ற புரதம். முல்லருக்கு முன்பே பிரான்சின் குருவேயே இதை 'முத்துக் கட்டி' என்று அழைத்திருந்தார். அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கொலஸ்டிராலைக் குறைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்கும் நோயாளிகளுக்காவது அது உதவியிருக்கும்.

புற்று இல்லையென்றாலும் இது எலும்பை அரிக்கும். ஈரமான செத்த தோலில் கிருமிகள் குடியேறுகின்றன, அழற்சி மூள்கிறது, அழற்சியில் சுரக்கும் ரசாயனங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. பெரும்பாலும் முதலில் பலியாவது பட்டடை எலும்பின் நீண்ட காம்பு. முந்தைய அத்தியாயத்தில் பார்த்த சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளின் சங்கிலி அங்கே அறுகிறது, காது மந்தமாகிறது. அத்தோடு நிற்பதில்லை. நடுச்செவியின் கூரை மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேல் மூளை. பின்புறம், மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெருஞ்சிரை. உட்சுவரில், கண்ணிமையையும் உதட்டையும் அசைக்கும் முக நரம்பு. அதன் தோளுக்கு மேலேயே, சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல். உடம்பில் இத்தனை முக்கியமான அண்டை வீடுகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடங்கள் குறைவு.

அந்த நெருக்கம் என்ன செய்யும் என்பதற்கு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கடைசி மாதங்களைச் சொல்லலாம். 1895-இல் சிறை சென்ற அவர், அங்கே மயங்கி விழுந்ததில் வலக்காதில் அடிபட்டார். 1896-இல் ரெடிங் சிறையிலிருந்து உள்துறை அமைச்சருக்கு எழுதிய மனுவில், அந்தக் காதின் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருப்பதையும் கேட்கும் திறன் போய்க்கொண்டிருப்பதையும் முறையிட்டார். 1900 அக்டோபர் 10 அன்று பாரிஸ் விடுதி அறையிலேயே அவருக்குக் காதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நவம்பர் 30 அன்று, 46 வயதில் இறந்தார். மூளைக்குப் பரவிய தொற்று என்றார்கள் உடனிருந்த மருத்துவர்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு, 2000-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ராபின்ஸ், செல்லர்ஸ் என்ற இரு தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் கடிதங்களையும் குறிப்புகளையும் அலசி, நாட்பட்ட நடுச்செவி நோயே, அதிலும் கொலெஸ்டியடோமாவே மூல காரணம் என்று வாதிட்டார்கள். மனதை உலுக்கும் இன்னொரு உண்மையும் உண்டு. வைல்டின் தந்தை வில்லியம் வைல்டு, அக்கால ஐரோப்பாவின் முன்னணிக் காது மருத்துவர்களில் ஒருவர். டப்ளினில் 1844-இல் கண், காது நோய்களுக்கென மருத்துவமனை நிறுவியவர். 1853-இல் காது அறுவைச் சிகிச்சை பற்றி நூல் எழுதியவர். காதுக்குப் பின்னால் சீழ் கட்டினால் திறந்துவிடப் போடும் கீறலுக்கு நெடுங்காலம் அவர் பெயர்தான் இருந்தது. மகன் நோயுற்றபோது அவர் உயிரோடு இல்லை.

கொலெஸ்டியடோமாவை மருந்தால் கரைக்க முடியாது. சொட்டு மருந்து சீழைக் குறைக்கும், நாற்றத்தை அடக்கும். பையின் சுவராக இருக்கும் தோல் உயிரோடு செதில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்தாக வேண்டும். எடுப்பதில் ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. முதலில் நோயை அகற்றி மூளைக்கும் நரம்புக்கும் ஆபத்தில்லாத காதாக்குவது. அடுத்து சீழ் வடியாத காதாக்குவது. கேட்கும் திறன் மூன்றாவதுதான். காது கேட்க வேண்டும் என்று வரும் நோயாளிக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அறுவைக்குப் பிறகு கேள்வித்திறன் முன்பைவிடக் குறையவும் கூடும், ஏனென்றால் அரித்துப்போன எலும்புக்குப் பதிலாகச் சில காதுகளில் அந்த நோய்ப் பையே பாலமாக நின்று ஒலியைக் கடத்திக்கொண்டிருக்கும். இதை முன்கூட்டியே உட்காரவைத்து விளக்குகிற மருத்துவரே நல்ல மருத்துவர்.

இப்போது உங்கள் காது மடலுக்குப் பின்னால் விரலை வையுங்கள். உருண்டையாகத் தட்டுப்படுகிறதே, அதுதான் மாஸ்டாய்டு எலும்பு. வெளியே கெட்டியாக இருந்தாலும் உள்ளே தேன்கூடு போல காற்றறைகள். அவை எல்லாம் நடுச்செவியோடு தொடர்புள்ளவை. ஆகவே நோய்ப் பை அங்கும் நுழையும். காதின் பின்பக்கமாகப் போய் நோயைப் பிடிக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1791-இல் டென்மார்க் அரண்மனை மருத்துவர் பெர்கர், தம் காது மந்தத்துக்காக இந்த எலும்பைத் துளைக்கச் செய்து இறந்துபோனார். அந்தப் பயத்தில் பல பத்தாண்டுகள் யாரும் அதைத் தொடத் துணியவில்லை. 1873-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ எப்போது திறக்கலாம், எப்படித் திறக்கலாம் என்று வரையறுத்து எழுதிய பிறகுதான் மாஸ்டாய்டு அறுவை முறையான மருத்துவமானது. கருவிகள் உளியும் சுத்தியலும்தான்.

ஷ்வார்ட்ஸவின் முறை சீழை இறக்கப் போதும், கொலெஸ்டியடோமாவுக்குப் போதாது. காரணம், ஒரு சுவர். காதுக் குழாயின் பின்சுவர். முன்னால் காதுக் குழாய், பின்னால் மாஸ்டாய்டுக் குழி, நடுவே இந்த எலும்புச் சுவர். நோய் ஒளியும் மூலைகள் அதன் மறைவில்தான் இருக்கின்றன. 1889-இலும் 1890-இலும் எர்ன்ஸ்ட் கூஸ்டர், இமானுவேல் சௌஃபால் ஆகியோரும், அடுத்து லுட்விக் ஷ்டாக்கவும் அந்தச் சுவரை இடித்துவிடச் சொன்னார்கள். காதுக் குழாய், நடுச்செவி, மாஸ்டாய்டு மூன்றும் ஒரே குழியாகிவிடும். ஒளிய இடமில்லை, செதில் சேர்ந்தாலும் வாசல் வழியாகப் பார்த்து எடுத்துவிடலாம். உயிர்கள் பிழைத்தன. செவிப்பறையும் சிற்றெலும்புகளும் சேர்ந்தே போனதால் கேள்வித்திறன் பெரும்பாலும் போயிற்று. நோய் நடுச்செவியின் மேல்தளத்தோடு நின்றிருந்தால் எஞ்சிய செவிப்பறையையும் எலும்புகளையும் விட்டுவைக்கலாம் என்று 1910-இல் வியன்னாவின் குஸ்டாவ் போண்டி காட்டினார்.

அதன் பிறகு வந்த காது அறுவை வரலாறு முழுவதும் இந்த ஒரு சுவரை இடிப்பதா, விடுவதா என்ற வழக்கின் வரலாறுதான் என்றே நான் சொல்வேன்.

வழக்கைத் திசை திருப்பியது மைக்ரோஸ்கோப். 1921-இல் ஸ்டாக்ஹோமின் நைலென் முதன்முதலில் காது அறுவைக்கு அதைப் பயன்படுத்தினார். 1950-களின் தொடக்கத்தில் செய்ஸ் நிறுவனத்தின் அறுவை மைக்ரோஸ்கோப் பரவலானபோது வுல்ஸ்டைன், ட்சொல்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் செவிப்பறையையும் எலும்புச் சங்கிலியையும் திரும்பக் கட்டும் முறைகளை வகுத்தார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் யான்சனும் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸும் சுவரை இடிக்காமலே நோயை எடுக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். சுவருக்கு முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி. பின்னாலிருந்து நடுச்செவிக்குள் எட்டிப் பார்க்க, முக நரம்புக்கும் சுவை நரம்பின் கிளைக்கும் இடையே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஜன்னல் திறப்பார்கள்.

அறுவை அரங்கில் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம். காதுக்குப் பின்னால் கீறியதும் முதல் வேலை, நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெண்சவ்வில் ஒரு துண்டை எடுத்து ஓரமாக உலர வைப்பது. காய்ந்ததும் அது வெங்காயச் சருகு போலாகும். கடைசியில் அதுதான் புதிய செவிப்பறை. அடுத்தது ட்ரில். முனையில் பற்கள் கொண்ட சிறு உருண்டை எலும்பைச் சீவுகிறது; உப்புநீர் இடைவிடாமல் வழிந்து சூட்டைத் தணித்து எலும்புத் தூளைக் கழுவுகிறது. வயதுவந்தவருக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் ஆழத்தில் முதல் பெரிய காற்றறை திறக்கும். மேலே மூளை உறையை நெருங்கும்போது எலும்பின் ஊடே இளஞ்சிவப்பு தெரியும். பின்னால் சிரையை நெருங்கும்போது நீலம். எலும்பு மெலிய மெலிய ட்ரில்லின் ஒலியே மாறும்; பழகிய கை அதைக் கேட்டு அழுத்தத்தைக் குறைக்கும். அரைவட்டக் குழலின் மேடு தந்தம் போலக் கெட்டியாக, மஞ்சள் வெண்மையில் மின்னும். அதுதான் திசைகாட்டி. அதற்குக் கீழே முக நரம்பு ஓடுகிறது என்பதால் இங்கே பற்கள் உள்ள முனையைக் கழற்றிவிட்டு வைரத் துகள் பதித்த முனையைப் பொருத்துவார்கள். கன்னத்தில் செருகிய மின்முனைகள் நரம்பு லேசாகத் தூண்டப்பட்டாலும் ஒலி எழுப்பி எச்சரிக்கும். இவ்வளவுக்கும் பிறகு, சிவந்து வீங்கிய சவ்வுகளுக்கு நடுவே வெள்ளையாக, பளபளப்பாக அந்தப் பை தென்படும். அதைக் கிழிக்காமல், சுற்றியுள்ள எலும்பிலிருந்து ஓரம் ஓரமாக உரித்துச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். கிழிந்து ஒரு சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டாலும் அது மறுபடி வளரும்.

இங்கேதான் சுவரின் வழக்கு திரும்ப வருகிறது. சுவரை விட்டுவைத்த காது பார்ப்பதற்கு இயல்பான காது. குளிக்கலாம், நீந்தலாம், காது கேட்கும் கருவி பொருத்துவதும் எளிது. விலை என்னவென்றால், சுவருக்குப் பின்னால் எஞ்சிய துணுக்கு வளர்ந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. செவிப்பறை மறுபடி உள்வாங்கிப் புதிய பை உண்டாகவும் வழியிருக்கிறது. இடித்த காதில் நோய் திரும்புவது குறைவு. ஆனால் அந்தக் குழி வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புக் கேட்கும். ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மருத்துவரிடம் போய் மெழுகையும் செதிலையும் எடுத்துவர வேண்டும். தண்ணீர் போனால் சீழ் பிடிக்கும். குளிர்ந்த நீரோ காற்றோ பட்டால், திறந்து கிடக்கும் அரைவட்டக் குழல் குளிர்ந்து தலை சுற்றும்.

எதைத் தேர்வது? எல்லாக் காதுக்கும் ஒரே விடை சொல்பவரை நான் நம்பமாட்டேன். மாஸ்டாய்டில் காற்றறைகள் நிறைந்திருக்கின்றனவா, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, அரைவட்டக் குழல் அரித்திருக்கிறதா, இருப்பது கேட்கும் ஒரே காதா என்று சி.டி. ஸ்கேனையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. மருத்துவமனை பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது, திரும்பத் திரும்ப வர முடியாது என்பவருக்கு ஒரே தடவையில் பாதுகாப்பு தரும் முறையே மேல் என்று பல மருத்துவர்கள் சுவரை இடிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பெரிதாக இடம் பெறாத இந்தக் காரணம் எனக்கு மிக நியாயமாகப் படுகிறது.

மூன்றாவது வழி ஒன்றும் வலுப்பெற்றிருக்கிறது: நோயை எடுத்த பின் குழியையே அடைத்துவிடுவது. 1911-இல் அமெரிக்காவின் மோஷர் பக்கத்துத் தசை மடிப்பைக் கொண்டு அடைத்தார். இன்று ட்ரில் செய்தபோது கிடைத்த எலும்புத் தூள், காது மடலின் குருத்தெலும்பு, உயிர்வினைக் கண்ணாடி மணிகள் ஆகியவற்றால் நிரப்புகிறார்கள். காற்றில்லாத இடத்தில் உறிஞ்சும் அழுத்தமும் இல்லை. புதுப் பை உண்டாக வாய்ப்புக் குறைகிறது. அடைப்பதற்கு முன் நோய் முற்றிலும் போயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

1990-களில் எண்டோஸ்கோப் வந்தது. மைக்ரோஸ்கோப் நேர்கோட்டில்தான் பார்க்கும். 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்போ காதுக் குழாய் வழியே உள்ளே போய், சாய்வான கண்ணால் மூலை திரும்பிப் பார்க்கும். அங்கவடிக்குப் பின்னால், முக நரம்பின் மறைவில் ஒரு பள்ளம் இருக்கிறது. துணுக்குகள் அதிகம் தங்கிவிடும் இடம். முன்பு குருட்டாம்போக்கில் சுரண்டிய அந்தப் பள்ளத்தை இப்போது நேரில் பார்த்துச் சுத்தம் செய்யலாம். பிரான்சில் தொமாசென், துபாயில் தராபிஷி போன்றோர் இதை வளர்த்தெடுத்தார்கள். நோய் சிறிதாக, நடுச்செவிக்குள் அடங்கியிருந்தால் பின்னால் கீறாமலே முடித்துவிட முடிகிறது. குறை: ஒரு கை கேமராவைப் பிடித்திருக்க, மறு கைதான் வேலை செய்யும், ரத்தம் கசிந்தால் திண்டாட்டம்.

எலும்புச் சங்கிலியைச் சரிசெய்வது பல சமயம் அதே நாளில் நடக்காது. அழற்சி அடங்கட்டும் என்று ஒன்பது மாதமோ ஓராண்டோ காத்திருந்து, எஞ்சிய துணுக்கு ஏதும் முளைத்திருக்கிறதா என்று மறுபடி திறந்து பார்க்கும்போது செய்வார்கள். நோயாளியின் பட்டடை எலும்பையே செதுக்கி வைக்கலாம். அல்லது சில மில்லிமீட்டர் நீள டைட்டானியம் துண்டைப் பொருத்தலாம். அந்த இரண்டாம் திறப்பை இன்று பலருக்கு ஒரு சிறப்பு வகை எம்.ஆர்.ஐ. தவிர்த்துவிடுகிறது. கெரட்டின் அடுக்குகளுக்குள் நீர் மூலக்கூறுகள் சுதந்திரமாக உலவ முடியாததால் கொலெஸ்டியடோமா அந்தப் படத்தில் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். 2, 3 மில்லிமீட்டருக்குச் சிறியது தப்பிவிடும் என்பதால் ஒருமுறை எடுத்தால் போதாது. ஆண்டுகள் இடைவிட்டுத் திரும்ப எடுப்பார்கள்.

இந்த நோயில் தொல்லை தருவது, அது வலிக்காததுதான். வலித்தால் ஓடிவருவார்கள். காதில் நாற்றமுள்ள சீழ் கொஞ்சமாக வரும், சொட்டு மருந்தில் நிற்கும், மறுபடி வரும். 'சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான்' என்று வீட்டில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி ஆண்டுகளைக் கடத்துவோம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காது இருந்தால், எண்ணெய் ஊற்றாமல், குடையாமல், இந்த வாரமே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சீழோடு தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுவது, காய்ச்சலுடன் கடும் தலைவலி என்று ஏதாவது சேர்ந்தால் வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும். ஏற்கெனவே அறுவை முடிந்தவர்கள், காது நன்றாக இருக்கிறது என்று நினைத்து, மருத்துவர் சொன்ன மறுதேதியை விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்தும் அந்தத் தோல் திரும்பி வந்திருக்கிறது.